ஊசி மேல் போட்ட பழி

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும்; சிலருக்கு நாக்கு வறண்டுபோகும். எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். மைக் செட் போட்டுப் பிழைத்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வியாதி வாய்க்காது. விசேஷ வீட்டில் எட்டுக் குழாயும் அலறிக்கொண்டிருக்கும், நான் மட்டும் கிணற்றுக்குள் உட்கார்ந்தவன்போலப் பக்கத்தில் இருப்பவரிடம், "பாட்டு ஓடுதா, நின்னுருச்சா?" என்று கேட்பேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். டாக்டர் குறும்பி என்கிறார். அவர் என்னை ஒரு காதுகுத்து வீட்டில் பார்த்ததில்லை.

எங்கள் கடை முனிச்சாலைப் பக்கம் இருந்தது. எங்கள் என்றால் நானும் என் கூட்டாளியும். எனக்குக் கீழக்குயில்குடி தாண்டி ஒரு சின்ன ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டும் களையெடுத்தும் என்னைப் படிக்கவைத்தார்கள். நான் மரத்தில் ஏறிக் குழாய் கட்டினேன். அவன் சௌராஷ்டிரக்காரன், தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவன். அவர்கள் வீட்டில் பேசுகிற பாஷை எனக்குப் பாதி புரியும். அதில் அவன் என்னைத் திட்டுவது மட்டும் முழுசாகப் புரியும்.

ஊரில் எல்லோரும் கேசட்டுக்கு மாறிய பிறகும் அவன் ரெக்கார்டை விடவில்லை. கறுப்பு இசைத்தட்டுகளைத் துணி உறையில் போட்டு, செங்குத்தாக அடுக்கி, வெயில் படாமல் ஈரத்துணி போர்த்தித் தூக்கிவருவான். பச்சைப் பிள்ளையைத் தூக்குகிறவன்கூட அவ்வளவு யோசித்துக் கால் வைக்கமாட்டான். நான்தான் ரெண்டாயிரமாவது வருடம் சென்னைக்குப் போய் ரெட்டைத் தட்டு சிடி பிளேயர் ஒன்றை வாங்கி வந்தேன். அன்றிலிருந்து கடையில் தினம் பட்டிமன்றம்தான். நடுவர் மட்டும் கிடையாது.

ரெக்கார்டைக் கண்ணால் படிக்கலாம் என்பது அவன் கட்சி. உண்மைதான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எங்கே பாட்டு தொடங்குகிறது, எங்கே வாத்தியம் இறங்குகிறது, எங்கே குரல் தனியாக நிற்கிறது என்று கோடுகளின் நெருக்கமே சொல்லிவிடும். ஊசியைச் சரியாகச் சரணத்தின் வாசலில் கொண்டுபோய் இறக்கலாம். சிடியைச் சாய்த்துப் பிடித்தால் என் மூஞ்சிதான் தெரியும்.

"அதுக்காகவே அது வேணாம்" என்றான்.

"நம்பரைத் தட்டுனா பாட்டு வருதுல்ல மாப்ள. தூசி இல்ல, கரகரப்பு இல்ல, மேளம் அடிச்சாலும் துள்ளாது."

"உள்ள போட்டதும் படிக்கிறேன், படிக்கிறேன்னு முழிக்குதே, அது என்ன? பத்தாம் வகுப்புல நீ முழிச்சது மாதிரி."

சத்தத்தின் தரத்திலும் சண்டை. ரெக்கார்டில் பாடகர் மூச்சு வாங்குவது கேட்கும், சிடியில் மூச்சைத் துடைத்து எடுத்துவிட்டார்கள் என்பான். முதல்முறை சிடி போட்டபோது பாட்டுக்கு முந்திய அமைதி அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஆம்ப்ளிஃபயர் செத்துவிட்டது என்று பயந்து ஸ்பீக்கரில் காதை வைத்தேன். அடுத்த நொடி மேளம் இறங்கியது. இரண்டு நாள் யார் கூப்பிட்டாலும் எனக்கு மணியடித்தது. இருந்தும் என் கட்சியை விடவில்லை. ஒருநாள் என்னைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, ஒரே பாட்டை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டான். எது சிடி என்று சொல்ல வேண்டும். ஆறு தடவையும் தப்பாகச் சொன்னேன். நம் குழாயில் போட்டால் எல்லாமே தகர டப்பாவுக்குள் பாடுவதுபோலத்தான் கேட்கும் என்று சமாளித்தேன். அது என் தோல்வியை மறைக்கச் சொன்னது என்றாலும் உண்மை.

ஆனால் என்னிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. அவன் ஜெயிக்கிற நேரம் பார்த்து அதை எடுப்பேன்.

"உன் ஊசி துள்ளித்தான அந்தக் கல்யாணம் கெட்டுச்சு?"

அவன் உடனே ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். நான் டீ வாங்குகிற சாக்கில் வெளியே போய்விடுவேன். ஏனென்றால் அன்றைக்கு ஊசி துள்ளவே இல்லை.

அந்தக் கல்யாணம் நடந்தது சிடி வாங்கியதற்கு ஏழு வருடம் முன்னால், எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில், மாப்பிள்ளை வீட்டு வாசல் பந்தலில். அங்கே ஒரு முறை உண்டு. பெண்ணின் அண்ணன் சீர்த்தட்டைத் தலையில் வைத்து, மேளம் முழங்கத் தெருவில் வருவார். பந்தல் வாசலில் மேளம் நிற்கும். நின்ற அதே நொடியில் குழாயில் அண்ணன் தங்கச்சிப் பாட்டு ஒன்று எழ வேண்டும். பாட்டு முடியும்வரை தட்டு தலையில் இருக்கும். முடிந்த பிறகுதான் இறக்குவார்கள். பாட்டை நடுவில் வெட்டினால், 'போதும், வச்சுட்டுப் போ' என்று அர்த்தம். அதைவிடக் கன்னத்தில் அறைவது மேல்.

அதற்கு முந்தின மாதம் ஓர் ஓட்டலில் ஸ்பீக்கர் சரிபார்க்கப் போன இடத்தில், பெங்களூரிலிருந்து வந்த டி.ஜே. ஒருவரை வாய் பிளந்து பார்த்திருந்தேன். இரண்டு ரெக்கார்டு, ஒரு காதில் ஹெட்போன். ஒரு பாட்டு ஓடும்போதே இன்னொரு பாட்டை அதற்குள் நுழைத்துவிடுவார். எங்கே ஒட்டினார் என்றே தெரியாது. எனக்குக் கை நமநமவென்றது. கல்யாணத்தன்று கூட்டாளி பந்திக்குப் போயிருந்தான். அண்ணன் வந்து நின்றார், மேளம் நின்றது, பாட்டு எழுந்தது. ஒரு சரணம் முடிந்தது. இரண்டாவது பிளேயரில் ஒரு குத்துப்பாட்டை வைத்து, தாளம் ஒட்டும் என்று நம்பி, மெல்லச் சத்தத் திருகைத் திருப்பினேன்.

ஒட்டியது. அதுதான் கொடுமை. தங்கச்சியைத் தோளில் சுமந்த கதை அப்படியே வழுக்கிக்கொண்டு போய் இடுப்பாட்டத்தில் விழுந்தது. பந்தல் மொத்தமும் சிரித்தது. அண்ணன் அங்கேயே தட்டை இறக்கிவைத்தார். கடா மீசை, கதவு அகலத்துக்கு உடம்பு. திரும்பி நடந்தார்.

மாப்பிள்ளைதான் வெட்டச் சொல்லியிருக்கிறார் என்று பேச்சானது. நான் எல்லோரிடமும் சொன்னேன்: "ஊசி துள்ளிருச்சு. சமாளிக்க அடுத்த ரெக்கார்டைத் திருப்பிவிட்டேன்." கூட்டாளியிடமும் அதையே சொன்னேன். ஊசி அவன் வாங்கிப் போட்டது. அன்றிலிருந்து பிளேயருக்கு அடியில் பஞ்சு மெத்தை, ஊசித் தலையில் ஒரு செல்லாக்காசு, மேஜைக் காலுக்குச் செங்கல் என்று அவன் செய்யாத பரிகாரம் இல்லை. அந்த ஊரிலிருந்து வேலை வந்தால், "நீ போ, நான் வரல" என்பான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தங்கச்சி எங்கள் கடைக்கு வந்தது. கையில் ஐந்து வயதுப் பையன். பையனுக்கு இடுப்புவரை சடை, நுனியில் சிவப்பு ரிப்பன்.

"மாமன் மடியில உக்காரவச்சுத்தான் மொட்ட போடணும், காது குத்தணும்ணே. மாமன் பேசாம இருக்கைல மடிக்கு எங்க போறது? பள்ளிக்கூடத்துல இவன எல்லாரும் பாப்பா பாப்பான்னு கூப்புடுறாங்க. அழுதுட்டு வாரான்."

பையன் என்னை முறைத்தான். அந்தச் சடையின் ஒவ்வோர் அங்குலமும் நான் வளர்த்தது என்று எனக்குத் தோன்றியது. காது அடைத்தது.

"போன வாரம் எங்கண்ணன் வீட்டு வாசல்ல போய் நின்னுட்டேன். வாரேன்னுட்டாரு. ஆனா ஒண்ணு சொன்னாரு. அதே செட்டு வரணும், அதே பாட்டு முழுசா ஓடணும். பாதியில நின்னா அவரும் பாதியில திரும்பிருவாராம். எங்க வீட்டுக்காரர் சொல்லித்தான் நீங்க வெட்டுனீங்கன்னு இன்னும் நெனைக்கிறாரு. இவரு இல்லவே இல்லன்னு கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணியும் நம்பல."

"ஊசிதான் தாயி…" என்று ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியும்ணே. நீங்க எதுக்குப் பொய் சொல்லப்போறீக?"

கூட்டாளி தலையைக் குனிந்து ஒரு ரெக்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இந்தத் தடவ நான் வாரேன் தாயி" என்றான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்: "சிடியே போடு. என் ஊசிய நான் நம்பல."

சிடி வாங்கின நாளிலிருந்து நான் ஆசைப்பட்ட வெற்றி. அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

அடுத்த பத்து நாளும் எனக்குத் தூக்கம் இல்லை. ஒரே பாட்டை மூன்று சிடியில் பதிந்து வாங்கினேன். கடையில் கிடைத்த சிடி ஒன்றில் அதே பாட்டை வேறு யாரோ புதுத் தாளம் போட்டுப் பாடியிருந்தார்கள். அதைக் கேட்டதும் கடா மீசை கண்முன் வந்தது, உடைத்தே போட்டேன். பதிந்த சிடியைப் பிளேயரில் போட்டு மேஜையைக் குத்தினேன், குதித்தேன். வெயிலில் வைத்து ஓட்டினேன். சூடேறினால் பிளேயர் சில நேரம் உள்ளே சிடியே இல்லை என்றது. குடை பிடித்து ஓட்டினேன். என் மனைவி, "சிடிக்குக் குட புடிக்கிற, எனக்கு என்னைக்காச்சும் புடிச்சிருக்கியா?" என்றாள். கடைசியில் சிடி ஓடட்டும், பக்கத்தில் ரெக்கார்டும் தயாராக இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பதில் ஒரே ஒரு உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த யோசனை வரும்போதெல்லாம் இன்னொரு தடவை சிடியைத் துடைத்தேன்.

காதுகுத்து நாள் வந்தது. மலை அடிவாரத்துக் கோயில் முன்னால் பந்தல். காலை பத்து மணிக்கே வெயில் கொதித்தது. குழாய்களை வேப்பமரத்தில் கட்டி, ஆம்ப்ளிஃபயரைக் கார் பேட்டரியில் போட்டோம். கரண்ட் போனாலும் மைக் பேச வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பழைய பழக்கம். சிடி பிளேயரும் ரெக்கார்டு பிளேயரும் பந்தல் லைனிலிருந்து. சிடியில் பாட்டை முதல் நொடியில் நிறுத்திவைத்தேன். கூட்டாளி ரெக்கார்டை வைத்து, ஊசியைப் பாட்டின் வாசலுக்கு மேலே தூக்கி நிறுத்தினான். ஆம்ப்ளிஃபயரில் இரண்டு திருகு. ஒன்று அதற்கு, ஒன்று இதற்கு.

தூரத்தில் மேளம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எனக்குக் கேட்கவில்லை, காது மூடிக்கொண்டது. அண்ணன் தலையில் தட்டோடு வந்தார். மீசை நரைத்திருந்தது, உடம்பு நரைக்கவில்லை. பின்னால் முப்பது நாற்பது பெண்கள் தட்டுகளோடு. பந்தல் வாசலில் தங்கச்சி. அது பக்கத்தில் அதன் வீட்டுக்காரர், கல்யாணத்துக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக.

மேளக்காரர் கை தூக்கினார். அமுக்கினேன். பாட்டு எழுந்தது. அண்ணன் ஓர் அடி வைத்தார். முதல் சரணம் கண்ணாடியில் எழுதினதுபோல வந்தது. கூட்டாளி என் முதுகில் தட்டி, "ஜெயிச்சுட்ட மாப்ள" என்றான்.

சரணம் முடிந்தது. கரண்ட் போனது.

சிடி பிளேயரின் பச்சை எழுத்து அணைந்தது. அதே இடம். ஏழு வருடம் முன்னால் நான் திருகைத் திருப்பின அதே இடம். மின்வாரியத்தில் யாருக்கும் என்மேல் கோபம் இருக்க நியாயம் இல்லை. கூட்டாளி ஃபியூஸ் கட்டையைப் பார்க்க ஓடினான். அண்ணனின் தூக்கின கால் அப்படியே நின்றது. அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் பார்க்க ஆள் இல்லாமல் ரெக்கார்டைப் பார்த்தேன்.

எதைப் பிடிக்கிறோம் என்று தெரியாமல் ஒரு கையால் ரெக்கார்டுக்கான திருகைத் திருப்பி, இன்னொரு கையால் ஊசியைப் பிடித்தேன். ஊசி விழுந்தது. என் விரல் இசைத்தட்டின்மேல் பட்டு, அது கொஞ்சம் நகர்ந்தது. எட்டுக் குழாயிலும் 'வ்வ்வோம்ம்' என்று மாடு கத்தினதுபோல ஒரு சத்தம். அது அடைத்த காதையும் துளைத்துக்கொண்டு வந்தது.

பிறகுதான் மண்டையில் ஏறியது. ஆம்ப்ளிஃபயர் பேட்டரியில் உயிரோடு இருக்கிறது. ஊசிக்குக் கரண்ட் வேண்டாம். தட்டைச் சுற்ற மட்டும்தான் கரண்ட். அதைச் சுற்ற விரல் போதும்.

ஊசியைத் தூக்கி மறுபடி பாட்டின் தொடக்கத்திலேயே வைத்துச் சுற்றினேன். முதலில் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, பேய்க் குரல். பயந்து வேகமாகச் சுற்றினேன். அதே பாடகர் பொம்பளைக் குரலுக்கு ஏறினார். இரண்டு நொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு சுற்று. எண்ணிக்கொண்டு சுற்றினேன். என் நடுக்கம் ஒவ்வொன்றும் அப்படியே எட்டுக் குழாயில் கேட்டது. நான் எவ்வளவு பயந்திருக்கிறேன் என்று மலையில் மேய்ந்த ஆடுகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

பந்தலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"எவன்டா சிரிக்கிறது?" என்று மாப்பிள்ளை கத்தினார். தொண்டை கிழிந்தது. "எங்க மச்சான் வந்துக்கிட்டிருக்காரு. எவனாச்சும் பல்லக் காட்டுனீங்க, உடைச்சுப்புடுவேன்!"

அண்ணன் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு காலை எடுத்து வைத்தார். பந்தலுக்குள் அல்ல. நேராக என் மேஜைக்கு.

அத்தனை பெண்களும் தட்டுகளோடு அவர் பின்னால் வந்தார்கள். மேஜை முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். வாழைப்பழம், தேங்காய், பட்டுச்சேலை, ஒரு சின்ன சைக்கிள்கூட வந்து நின்றது. நான் ஓடலாம் என்று நினைத்தேன். விரலை எடுத்தால் பாட்டு நின்றுவிடும். அவர் மூச்சு என் நெற்றியில் பட்டது.

"நிப்பாட்டாத" என்றார். "சுத்து."

சுற்றினேன். விரல் நுனி கொப்பளித்தது. வேர்வை ரெக்கார்டின் மேல் சொட்டக்கூடாது என்று முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டே சுற்றினேன். நூற்றுச் சொச்சம் சுற்று. கடைசி வாத்தியம் தேய்ந்து, கோடு முடிந்து, ஊசி நடுவில் போய்ச் சரசரத்தது. அவர் தட்டை இறக்கித் தங்கச்சி கையில் கொடுத்தார். அது தட்டோடு அவர் தோளில் சாய்ந்து அழுதது. மேளம் வெடித்தது. பையன் மடியில் உட்கார்ந்தான், சடை விழுந்தது, காது குத்தினார்கள், அவன் போட்ட கூச்சலுக்கு மைக் தேவைப்படவில்லை.

அத்தோடு முடிந்தது என்று நினைத்து ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கூட்டாளி ஃபியூஸ் கட்டையோடு திரும்பி வந்து, "ஊசி தாங்கிருச்சா?" என்று கண் கலங்கக் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் மறுபடி வந்துவிட்டார்.

"கையில சுத்துறப்பவே அது துள்ளல. அன்னைக்கு மட்டும் எப்பிடித் துள்ளுச்சு?"

வேலைக்கு ஆகாத பதில் பத்துப் பன்னிரண்டு என் நாக்கில் வரிசையாக வந்தன. கூட்டாளி என்னைப் பார்த்தான். தூரத்தில் மாப்பிள்ளை, தண்ணீர்ச் செம்போடு, காது இங்கே.

"துள்ளலண்ணே" என்றேன். "யாரும் வெட்டச் சொல்லல. ரெண்டு பாட்ட ஒட்டிப் பாத்தேன். சும்மா. வெளாட்டுக்கு."

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. திறந்து பார்த்தால் அண்ணன் போய் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து வந்துகொண்டிருந்தார். "இவர்கிட்டயும் சொல்லு" என்றார். சொன்னேன். மாப்பிள்ளை ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நான் சொல்லல, சொல்லலன்னு எம்புட்டுத் தடவ சொன்னேன் மச்சான்."

அண்ணன் அவர் பக்கத்தில், அதே பெட்டியில், இடம் போதாமல் உட்கார்ந்தார். அந்த இரண்டு முதுகுக்கும் பின்னால் நின்று, துடைத்த ஊசியையே மறுபடி துடைத்தேன்.

தங்கச்சி வந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

"செட்ட அவுத்துருங்க" என்றது. அண்ணே என்று சொல்லவில்லை. "இனி பாட்டு வேணாம்."

உச்சி வெயிலில் எட்டுக் குழாயையும் அவிழ்த்து இறக்கினேன். ஒவ்வொரு கிளையில் இறங்கும்போதும் பின்னந்தலையில் ஒரு கை விழும் என்று காத்திருந்தேன். பந்தலில் பந்தி நடந்தது; இலை போடும் சத்தம், சாம்பார் வாளிச் சத்தம், சிரிப்பு. ஒருவரும் எங்களைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. கூட்டாளியை மட்டும் கூப்பிட்டிருந்தால்கூட நியாயம்.

வேனை அவன்தான் ஓட்டினான். வழக்கமாக நான் பேசிக்கொண்டே வருவேன். அன்றைக்கு நாகமலைவரை கொப்பளித்த விரலை ஊதிக்கொண்டே வந்தேன். அங்கே வந்ததும் அவன், சாலையைப் பார்த்தபடி, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னான்.

"அப்ப ஊசி துள்ளல."

"துள்ளல மாப்ள."

அவன் கியரை மாற்றினான். வீட்டுப் பாஷையிலாவது திட்டுவான் என்று ஏங்கினேன். பைபாஸ் ஓரம் நாங்கள் எப்போதும் நிற்கிற டீக்கடையில் வண்டியை நிறுத்தினான். இறங்கிப் போனான். ஒரே ஒரு டீ சொன்னான். வாங்கி, எனக்கு முதுகைக் காட்டி நின்று, ரொம்ப நேரம் எடுத்துக் குடித்தான்.